சிங்க்வே தெர்ரே ஊர்களுக்கு நடுவே நடந்து போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் எல்லாம் முடிவாகிவிட்டது, நடுவில் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது, கடலோரமாக எங்காவது நடக்கலாமா என்று கேட்கிறவர்களை நான் சிங்க்வே தெர்ரேவுக்கு அனுப்பிவைப்பேன். மூன்று முறை போயிருக்கிறேன். ஒருமுறை தனியாக, இரண்டு முறை அக்காவோடு. போய்வந்ததிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சிங்க்வே தெர்ரே என்பது ஒரு ஊரா?

ஐந்து ஊர்கள். பெயருக்கே 'ஐந்து நிலங்கள்' என்றுதான் பொருள். இத்தாலியின் வடமேற்கே லிகூரியா கடற்கரையில், மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் இடத்தில் இருக்கின்றன. வடக்கிலிருந்து வரிசையாகச் சொன்னால் மொன்டெரோஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. இந்த ஐந்துக்கும் வடக்கே லெவன்தோ, தெற்கே லா ஸ்பெட்ஸியா. 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, 1999-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இத்தாலியின் தேசியப் பூங்காக்களில் இதுதான் மிகச் சிறியது. ஐந்து ஊரிலும் சேர்த்து 4,000 பேர்கூட வசிக்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மாத நடுப்பகலில் மனரோலா தெருவில் நிற்கும்போது அந்த எண்ணின் அர்த்தம் புரியும்.

ரயில் இருக்கும்போது எதற்கு நடக்க வேண்டும்?

லா ஸ்பெட்ஸியாவுக்கும் ஜெனோவாவுக்கும் இடையே 1874-இல் ரயில் பாதை முழுமையானது. பாதை பெரும்பாலும் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் போகிறது. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாலும் இருட்டு, ஒரு நொடி கடல், மறுபடி இருட்டு, அடுத்த ஊர் வந்துவிடும். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். ஐந்து ஊரிலும் இறங்கி, ஐந்து இடத்தில் படம் எடுத்து, மாலைக்குள் ஃப்ளோரன்ஸ் திரும்பிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த ஊர்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கான பதில் ஊர்களுக்கு நடுவில் கிடக்கும் மலைச்சரிவில் இருக்கிறது. அங்கே ரயில் போகாது.

ஐந்து ஊரையும் ஒரே நாளில் நடந்து முடிக்க முடியுமா?

கால் பலமுள்ளவர்களால் முடியும். ஐந்து ஊரையும் கடலோரமாக இணைக்கும் பாதைக்கு நீலப் பாதை என்று பெயர், மொத்தமே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் அதில் ஒரு பகுதி மூடியிருப்பதால் மலைமேல் சுற்றிப் போக வேண்டும், அப்போது தூரமும் ஏற்றமும் கூடிவிடும். முதல் முறை நான் தனியாகப் போனபோது ஒரே நாளில் முடித்தேன். வெர்னாட்ஸாவைப் பற்றி இன்று எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் கைக்கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டே தின்ற ஒரு துண்டு ஃபொகாச்சா ரொட்டிதான். அதனால் சொல்கிறேன்: ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டு பகுதிகளை மட்டும் நடங்கள், மற்ற இடத்துக்கு ரயிலில் போங்கள். இரண்டு நாள் இருந்தால் நிம்மதியாக எல்லாம் நடக்கலாம்.

எந்தெந்தப் பகுதி எப்படி இருக்கும்?

மொன்டெரோஸோவிலிருந்து வெர்னாட்ஸா சுமார் மூன்றரை கிலோமீட்டர். நேரம் ஒன்றரை முதல் இரண்டு மணி. தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மொன்டெரோஸோ பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே படி, படிக்கு மேல் படி என்று போய்க்கொண்டே இருக்கும். சில இடங்களில் எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். கடைசியில் வெர்னாட்ஸாவுக்கு இறங்கும்போது, சிறு துறைமுகமும் அதன் தலைமாட்டில் நிற்கும் கோபுரமும் ஒரு வளைவில் சட்டென்று காலடியில் தெரியும். இந்தத் திசையில் நடக்கச் சொல்வது அந்த ஒரு வளைவுக்காகத்தான்.

வெர்னாட்ஸாவிலிருந்து கொர்னீலியா சுமார் நான்கு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வழியில் 200 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் பிரேவோ என்ற குட்டிக் குடியிருப்பு வரும். ஆலிவ் மரங்களுக்குக் கீழே நிழல் உண்டு. முதல் பகுதியைவிட இது கொஞ்சம் இலகு.

கொர்னீலியாவுக்கும் மனரோலாவுக்கும் நடுவே உள்ள கடலோரப் பாதை மண்சரிவால் பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கிறது. மனரோலா, ரியோமஜோரே இடையேதான் புகழ்பெற்ற காதல் பாதை. இரண்டையும் தனியாகச் சொல்கிறேன்.

காதல் பாதைக்குத் தனிக் கட்டணம் கொடுத்துப் போவது அவசியமா?

ரயில் பாதை வேலைக்காகப் பாறையில் வெட்டிய வழி அது. சுமார் ஒரு கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம். ஏற்றமே இல்லாமல் கடலுக்கு மேலே நடக்கலாம். 2012 செப்டம்பரில் பாறை சரிந்து நான்கு சுற்றுலாப் பயணிகள் காயமடைந்தார்கள், அத்தோடு மூடினார்கள். பாறைமுகம் முழுவதும் வலை கட்டி, ஆணியடித்து, 2024 கோடையில்தான் மறுபடி முழுமையாகத் திறந்தார்கள். முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில் போக வேண்டும். தனிக் கட்டணமும் உண்டு.

முட்டி வலி உள்ளவர்கள், சிறு குழந்தையோடு வருகிறவர்கள், வயதான அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் அவசியம் போங்கள். இந்தக் கடற்கரையில் அவர்களும் நடக்கக்கூடிய வழி அநேகமாக இது ஒன்றுதான். மற்றவர்களுக்கு இது இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ரியோமஜோரேவிலிருந்து மனரோலாவுக்கு பெக்காரா என்ற பழைய பாதை மலையைத் தாண்டிப் போகிறது. ஏற்றமும் இறக்கமும் செங்குத்து, ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும். கட்டணம் இல்லை. உச்சியில் நின்றால் இரண்டு பக்கமும் ஊர்.

மனரோலாவிலிருந்து கொர்னீலியாவுக்குக் கடலோரமாகப் போக முடியாதாமே? என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் வருத்தத்தோடு கேட்கிறார்கள். எனக்கோ இது நல்ல செய்தி. கடலோரப் பாதை மூடியிருப்பதால் நீங்கள் வொலாஸ்த்ரா வழியாகப் போவீர்கள். ஐந்து ஊர்களில் நான் நடந்த பாதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வொலாஸ்த்ரா மனரோலாவுக்கு நேர் மேலே, கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருக்கும் சிறு கிராமம். மனரோலாவிலிருந்து கற்படியில் ஏறலாம். இல்லையென்றால் ஊரிலிருந்து கிளம்பும் சிற்றுந்தில் மேலே போய் இறங்கிக்கொள்ளலாம். அக்காவோடு போனபோது சிற்றுந்தில்தான் போனோம். அதில் ஒரு வெட்கமும் இல்லை. மேலே போய்விட்டால் பிறகு பாதை மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய சமமாகவே போகிறது. வலப்பக்கம் திராட்சைக் கொடி, இடப்பக்கம் காலுக்கு அடியில் ஓர் அடுக்கு, அதற்குக் கீழே இன்னோர் அடுக்கு, அப்படியே படிப்படியாகக் கடல்வரை. சில இடங்களில் பாதை என்பதே சுவரின் மேல்விளிம்புதான், இரண்டடி அகலம். தலைசுற்றல் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைசியில் ஒரு சிறு காட்டுக்குள் புகுந்து கொர்னீலியாவுக்கு இறங்கும். அந்த இறக்கம் முட்டியைப் பதம் பார்க்கும், ஊன்றுகோல் இருந்தால் நல்லது. மனரோலாவிலிருந்து நடந்தே ஏறினால் மொத்தம் ஆறு கிலோமீட்டர் அளவில், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இந்தப் பாதைக்குக் கட்டணம் கிடையாது.

அந்தக் கல்சுவர்கள் எதற்கு?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். பத்தில் ஒருவர்தான் கேட்கிறார்.

இந்த மலையில் சமமான நிலம் என்று இயற்கையாக எதுவும் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் பாறையை உடைத்து, கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்னால் மண் நிரப்பி, முழ அகலத்துக்கு நிலம் உண்டாக்கித் திராட்சையும் ஆலிவும் வைத்தார்கள். சுவர்களில் சாந்து கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல்மேல் கல் மட்டும். இத்தாலி உள்ளிட்ட சில நாடுகளின் இந்தக் கலையை 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

இரண்டாம் முறை போனபோது வொலாஸ்த்ரா தாண்டி ஒரு வளைவில் சுவர் சரிந்து கிடந்தது. பெரியவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அங்கேயே உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தோம். பெரியவர் ஒரு கல்லை எடுத்து, கையில் மூன்று முறை திருப்பிப் பார்த்து, வைத்தார். ஆடியது. எடுத்துவிட்டார். வேறு பக்கமாக வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. அசையவில்லை. பின்னால் இருந்த இடைவெளியில் கோலிக்குண்டு அளவுக் கற்களை இளைஞர் கை நிறைய அள்ளிப் போட்டார். அரை மணி நேரத்தில் ஒரு முழ நீளம்கூட ஏறவில்லை. சிமெண்ட் பூசினால் சீக்கிரம் முடியாதா என்று அக்கா தனக்குத் தெரிந்த நாலு இத்தாலியச் சொற்களை வைத்துக் கேட்டார். பெரியவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சுவரின் தலைப்பில் கொஞ்சம் ஊற்றினார். நீர் கல்லிடுக்குகளில் கசிந்து எங்கள் காலடிக்கு வந்தது. அதுதான் பதில். மழைநீர் வெளியேற வழி இல்லையென்றால் ஈர மண்ணின் பாரம் சுவரை முன்னால் தள்ளி உடைத்துவிடும்.

நீங்கள் நடக்கும் பாதைகள் எல்லாம் இந்தச் சுவர்களின் தயவில் நிற்கின்றன. திராட்சைத் தோட்டத்தை விட்டு ஆள் போய்விட்டால் சுவரைப் பார்க்க ஆள் இல்லை. சுவர் சரிந்தால் பாதை சரியும், பெருமழையில் மண் ஊருக்குள் வரும். அதனால் சுவர்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். பாதையை விட்டு விலகிக் குறுக்கு வழியில் இறங்காதீர்கள். ஒரு கல் உருண்டால் அதைத் திரும்ப வைப்பவர் அநேகமாக அறுபது வயதைத் தாண்டியவராக இருப்பார்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் கடைசி. செப்டம்பரில் போனால் திராட்சை அறுவடையையும் பார்க்கலாம். செங்குத்தான சரிவில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து வரும் சிறு வண்டிகளில் கூடைகளை ஏற்றிக் கொண்டுவருவார்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஆளை வாட்டிவிடும். அந்த மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் காலை ஏழு மணிக்குள் பாதையில் இருங்கள்.

அக்டோபர், நவம்பரில் மழையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் வெர்னாட்ஸாவும் மொன்டெரோஸோவும் சேற்றில் புதைந்தன. வெர்னாட்ஸாவில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். பிரதான தெருவில் கடைகளின் கதவுயரத்துக்கு மேல் மண் நின்றது. இன்று அதே தெருவில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது. வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் யாரும் பார்க்கவில்லை என்று தடுப்பைத் தாண்டிப் போவது மடத்தனம். புறப்படும் நாளன்று காலையில் பூங்காவின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அனுமதி அட்டை வாங்க வேண்டுமா?

மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மொன்டெரோஸோ–வெர்னாட்ஸா, வெர்னாட்ஸா–கொர்னீலியா பகுதிகளுக்கு சிங்க்வே தெர்ரே கார்டு தேவை. இரண்டு வகை உண்டு: நடைக்கு மட்டும் ஒன்று, லெவன்தோ முதல் லா ஸ்பெட்ஸியா வரை ரயிலும் சேர்த்து ஒன்று. விலை நாளுக்கு நாள் மாறும், நெரிசல் நாட்களில் கூடும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை ரயில் ஏறுவதாக இருந்தால் இரண்டாவது வகை லாபம். ஒரே ஒரு பயணம் என்றால் தனி டிக்கெட் போதும். காகித ரயில் டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். மறந்தால் அபராதம்.

இன்னொன்று: நெரிசல் அதிகமுள்ள சில விடுமுறை நாட்களில், முற்பகலில் மொன்டெரோஸோவிலிருந்து வெர்னாட்ஸா பக்கமாக மட்டுமே நடக்க விடுவார்கள்.

சாதாரணச் செருப்பு போதுமா?

போதாது. செருப்போடு பாதையில் இறங்கினால் அபராதம் விதிப்போம் என்று பூங்கா நிர்வாகம் 2019-லேயே அறிவித்துவிட்டது. அபராதத்தை விடுங்கள். அக்கா முதல் முறை வந்தபோது, நல்ல தோல் செருப்புதானே, சென்னையில் தினமும் இதில்தான் நடக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். வெர்னாட்ஸாவுக்கு மேலே, பாதி இறக்கத்தில் வார் அறுந்தது. என் கைக்குட்டையால் காலோடு சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அரை மணி நேர இறக்கத்துக்கு ஒன்றரை மணி ஆயிற்று. அடிப்பாகம் பிடிமானமுள்ள மூடிய ஷூ போடுங்கள். கனமான மலையேற்றப் பூட்ஸ் தேவையில்லை.

கொர்னீலியா நிலையத்தில் இறங்கினால் ஊரைக் காணோமே?

ஊர் தலைக்கு மேலே இருக்கிறது. ஐந்தில் கடலைத் தொடாத ஊர் இது ஒன்றுதான். ஏறத்தாழ 100 மீட்டர் உயரப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. நிலையத்திலிருந்து 33 மடிப்புகளாக, 380 படிகள் அளவில் ஏறிப் போக வேண்டும். ரயில் வரும் நேரத்தையொட்டிச் சிறு பேருந்தும் உண்டு. படகு இங்கே நிற்காது. அதனாலேயே கூட்டம் குறைவு, அதனாலேயே நான் இங்கே தங்குகிறேன்.

படகில் போகலாமா?

கடல் அமைதியாக இருந்தால் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை மற்ற நான்கு ஊர்களுக்கும் படகு உண்டு. நடந்து முடித்த மாலையில் ஏறுங்கள். காலையில் எந்தச் சரிவில் வியர்த்தோமோ அதைக் கடலிலிருந்து முழுதாகப் பார்க்கலாம். அடுக்குச் சுவர்கள் கோடு கோடாகத் தெரியும்.

சைவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கஷ்டமே இல்லை. ஃபரினாத்தா என்று ஒன்று கேளுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்டத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மேலே மொறுமொறுப்பும் உள்ளே மெதுவுமாக வெட்டித் தருவார்கள். மிளகுத்தூள் தூவிக்கொண்டால் அடை சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அந்நியமாகவே தோன்றாது. ஃபொகாச்சா எங்கும் கிடைக்கும், நடைக்குக் கட்டிக்கொண்டு போக ஏற்றது. துளசிக் குடும்பத்து பேசில் இலையை அரைத்த பெஸ்தோ இந்த மண்ணின் சொந்தச் சரக்கு. ஆனால் அதில் பார்மிஜானோ பாலாடைக்கட்டி இருக்கும். அந்தப் பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்று நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் ஃபரினாத்தா, தக்காளி ஃபொகாச்சாவோடு நிறுத்திக்கொள்ளலாம். மீன் சாப்பிடுபவர்கள் மொன்டெரோஸோவின் உப்பிட்ட நெத்திலியை விடக் கூடாது.

தண்ணீர்?

ஊர்களுக்குள் குடிநீர்க் குழாய்கள் உண்டு, பாதையில் இருக்கும் என்று நம்பாதீர்கள். கோடையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குறையாமல் வேண்டும்.

எங்கே தங்குவது? பெட்டிகளை என்ன செய்வது?

முடிந்தால் ஐந்தில் ஓர் ஊரில் ஓர் இரவாவது தங்குங்கள். மாலை ஆறு மணிக்குமேல் பகல் கூட்டம் ரயிலேறிப் போய்விடும். பிறகு பாட்டிகள் நாற்காலியை வாசலில் போட்டு உட்காருவார்கள், பையன்கள் தேவாலய முற்றத்தில் பந்து உதைப்பார்கள். அறை வாடகை கட்டுப்படியாகாவிட்டால் லெவன்தோ அல்லது லா ஸ்பெட்ஸியா. பெரிய பெட்டியை லா ஸ்பெட்ஸியாவிலேயே பாதுகாப்பு அறையில் விட்டுவிட்டு முதுகுப் பையோடு வாருங்கள். இந்த ஊர்களில் வீட்டு வாசல்வரை வருவது படிகள்தான். வாடகைக் காரில் வருகிறவர்களுக்கும் அதுவே சொல்வேன்: வண்டியை லெவன்தோவிலோ லா ஸ்பெட்ஸியாவிலோ நிறுத்துங்கள்.

கூட்டமே இல்லாத பாதை ஏதாவது?

மொன்டெரோஸோவிலிருந்து லெவன்தோவுக்கு மெஸ்கோ முனை வழியாக நடங்கள். இரண்டரை, மூன்று மணி நேரம், கட்டணமில்லை. முனையில் இடிந்த பழைய மடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஐந்து ஊரும் ஒரே பார்வையில் வரும். நாள் முழுக்க நடக்கத் தெம்புள்ளவர்கள் ரியோமஜோரேவிலிருந்து பொர்தோவெனெரே போகலாம், ஐந்து மணி நேரமாவது ஆகும். கடைசியில் கடலுக்குள் நீட்டிய பாறைமேல் சான் பியெத்ரோ தேவாலயம் நிற்கும். பாதை நெடுக மரத்திலும் கல்லிலும் சிவப்பு வெள்ளை வண்ணக் கோடு இருக்கும். அது கண்ணில் படாமல் பத்து நிமிடம் நடந்துவிட்டால் திரும்பி வந்து பாருங்கள். ஆபத்தென்றால் 112.

வழியில் தொங்கும் திராட்சையைப் பறிக்கலாமா?

கூடாது. கைக்கெட்டும் தூரத்தில், வேலி இல்லாமல் தொங்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கொத்துகளில் சிலவற்றைத்தான் தேர்ந்தெடுத்து, நிழலில் பரப்பி, நவம்பர் வரை உலரவைத்து ஷாக்கெத்ரா என்ற இனிப்பு ஒயின் செய்கிறார்கள். ஒவ்வொரு கொத்தையும் சரிவில் நின்று மனிதக் கையால்தான் பறிக்கிறார்கள். திராட்சை தின்ன வேண்டும் என்றால் கொர்னீலியாவில் காய்கறிக் கடையில் கேளுங்கள். தாளில் சுற்றி ஒரு கொத்து தருவார்கள். ஊர்முனையில் கடலைப் பார்த்த திண்ணை ஒன்று இருக்கிறது, அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்.